மூன்று வாளிக் கஞ்சி

பேசில்: ...சாக்கட்டியைக் கீழ வை முதல்ல. அது புண்ணுக்குக் கட்டுப் போடுற மேசை. உன் கான்வென்ட்டுக் கரும்பலகை இல்ல.

பெர்னடெட்: துடைச்சாப் போயிடும் அண்ணே. இங்க பாரு. இந்தக் கட்டம் ஒண்ணாம் லயத்து வீடுங்க. இது ரெண்டாம் லயம். இது மூணாம்...

பேசில்: செந்தூல்லேருந்து கிள்ளானுக்கு ரயிலு. கிள்ளான்லேருந்து தெலுக் பங்லிமா காராங்குக்கு பஸ்சு. அங்கேருந்து இந்தத் தோட்டத்துக்கு மாட்டு வண்டி. இவ்வளவும் எதுக்கு? அண்ணன் மேசையில கட்டம் போடறதுக்கு. அம்மா முறுக்காச்சும் குடுத்து விட்டாங்களா?

பெர்னடெட்: குடுத்தாங்க. வண்டிக்காரர் பாதியத் தின்னுட்டாரு.

பேசில்: மீதி?

பெர்னடெட்: வண்டிக்காரர் தனியாத் தின்னா நல்லாவா இருக்கும்?

பேசில்: பி.ஏ. படிச்சும் புத்தி மாறல.

பெர்னடெட்: அண்ணே, கேலிய நிறுத்து. மணல்வாரியில ரெண்டு பிள்ளை செத்துப் போச்சு. நீ முறுக்கு கேக்குற.

பேசில்: செத்தது எனக்குத் தெரியாதா? இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நான்தானே டிரஸர். நெஞ்சுல சளி கட்டி ரெண்டும் மூச்சு விட முடியாமக் கிடந்ததே, எங்க கிடந்துது தெரியுமா? நீ இப்ப முழங்கை ஊன்றியிருக்கியே, அங்க.

பெர்னடெட்: ஐயோ! இங்கயா?

பேசில்: கையை எடுக்க வேணாம். மேசை கழுவியாச்சு.

பெர்னடெட்: ரெண்டும் ஒண்ணாம் லயமா?

பேசில்: ஒண்ணாம் லயம். இப்ப ரெண்டாம் லயத்துலயும் பாதிப் பிள்ளைங்களுக்கு உடம்புல போட்டிருக்கு.

பெர்னடெட்: மூணாம் லயம்?

பேசில்: மூணாம் லயத்துக்கு என்ன?

பெர்னடெட்: எப்படி இருக்குன்னு கேட்டேன்.

பேசில்: அதை மட்டும் ஏன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்குற?

பெர்னடெட்: நான் ஒண்ணும் மூச்சைப் பிடிக்கல. கைப்பிள்ளைங்க அங்கதான் அதிகம். அதான்.

பேசில்: ம்... துரை லயத்துக்கு லயம் கயிறு கட்டச் சொல்லியிருக்காரு. கயித்துக்கு ஒரு மண்டோர், வேலை வாங்குற ஆளு, தடியோட காவல். அந்த லயத்து ஆளு இந்த லயத்துக்கு வரக்கூடாது. இதுக்கு மேல என்ன செய்யணும்ங்கற?

பெர்னடெட்: கயிறா! வண்டியில வர்றப்பவே பார்த்தேன். ஒரு கோழி கயித்துக்குக் கீழ போச்சு. மண்டோர் அதை விரட்டிக்கிட்டு ஓடுறாரு. வேற விரட்ட அங்க யாரு இருக்கா? பகல்ல லயத்துல ஆளே கிடையாது. விடியறதுக்கு முந்தியே பெரட்டுக்குப் போயி வரிசையில நின்னு, பேர் குடுத்துட்டு, பால் மரம் வெட்டப் போயிடறாங்க.

பேசில்: சாயங்காலம் திரும்பி வருவாங்கள்ல?

பெர்னடெட்: வருவாங்க. பெரியவங்க. அவங்க எல்லாருக்கும் சின்ன வயசுலயே மணல்வாரி வந்து போயாச்சு. ஒருதரம் வந்தவங்களுக்கு மறுபடி வராது. அப்ப உங்க துரை கட்டின கயிறு யாரைத் தடுக்குது? வராத ஆளை, வராத ஆள்கிட்டேருந்து தடுக்குது. இந்த மாதிரி ஒரு முட்டாள்...

பேசில்: முட்டாள்ங்கற வார்த்தை இல்லாமச் சொல்லு.

பெர்னடெட்: எதுக்கு?

பேசில்: சும்மா. கேக்க நல்லா இருக்கும். கோபப்படாம இன்னொருதரம் சொல்லு.

பெர்னடெட்: எனக்குக் கோபம் இல்ல!

பேசில்: மருந்து பாட்டில் எல்லாம் ஆடுது.

பெர்னடெட்: கோபம் வராம என்ன வரும்? மதராஸ்ல கணக்குல முதல் வகுப்பு வாங்கிட்டு வந்து ஒரு ஆபீஸ்ல போயி நின்னேன். ஊர்ல நோய் எப்படி ஏறுது, எப்படி இறங்குது, என்னால கணக்குப் போட முடியும்னு சொன்னேன். அங்க உட்கார்ந்திருந்த மனுஷன் தலையக்கூட நிமித்தல. 'டைப் அடிக்கத் தெரியுமா'ன்னான்.

பேசில்: தெரியும்னு சொல்லியிருக்கலாம்.

பெர்னடெட்: சொன்னேன். 'தெரியும், ஆனா மாட்டேன்'னு.

பேசில்: வெளங்கிடும்.

பெர்னடெட்: நம்ம அப்பா கைநாட்டு. செந்தூல் ரயில் பட்டறையில சுத்தியல் பிடிச்சுப் பிடிச்சு விரலு மடங்காது. அந்த மனுஷன் பட்டறை முழுக்கச் சொல்லி வச்சிருக்காரு, 'என் மகளுக்குத் தெரியாத கணக்கே இல்ல'ன்னு. அவரு மகள் போயி அடுத்தவன் எழுதினதை டைப் அடிக்கணுமா?

பேசில்: சரி சரி... யாரது வெளியில? வீரம்மாவா? உள்ள வா, ஏன் வாசல்லயே நிக்கிற?

வீரம்மா: டிரஸர் ஐயா, தோள்பட்டைக்குத் தேய்க்கத் தைலம்... ஐயையோ, டீச்சரம்மா! நீங்க எப்ப வந்தீங்க? இன்னிக்கு வருவீங்கன்னு சொல்ல...

பெர்னடெட்: சொல்லாமத்தான் வந்தேன் வீரம்மாக்கா. எத்தனை வருஷமாச்சு உங்களைப் பார்த்து!

வீரம்மா: ஆ... ஆமா. வருஷமாச்சு. ரொம்ப வருஷம்.

பேசில்: அப்படியா? முகத்தைப் பார்த்த உடனே டீச்சரம்மாங்கறியே. இவ டீச்சரான கதை உனக்கு யாரு சொன்னா?

வீரம்மா: ஐயாதான் எந்நேரமும் சொல்றீங்களே. புண்ணு கழுவினாலும் தங்கச்சி கதை, பல்லு பிடுங்கினாலும் தங்கச்சி கதை. போன வாரம் நாகையா வலியில கத்துறான், நீங்க மதராஸ் காலேஜைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தீங்க.

பெர்னடெட்: என்னைப் பத்தியா? இவரா?

பேசில்: பல்லு பிடுங்கறப்போ நோயாளிக்கு நினைப்பு மாறணும். அதுக்கு ஏதாவது பேசறதுதான். வீரம்மா, கொட்டகையில இன்னிக்குச் சத்தமே காணோம்?

வீரம்மா: எந்தக் கொட்டகை?

பேசில்: நீ ஆயாவா இருக்கற கொட்டகை. தாய்மாருங்க வேலைக்குப் போறப்போ தோட்டத்துப் பிள்ளைங்களை எல்லாம் விட்டுட்டுப் போறாங்களே, அந்தக் கொட்டகை. வழக்கமா இங்க வரைக்கும் அழுகை கேக்கும்.

வீரம்மா: தூங்குதுங்க ஐயா.

பேசில்: எல்லாமா?

வீரம்மா: வெயிலு இல்லையா, அதான்.

பேசில்: மூணு லயத்துப் பிள்ளையும் ஒரே நேரத்துல தூங்குதா? எனக்கும் அந்தத் தாலாட்டைக் கொஞ்சம் சொல்லிக் குடு.

பெர்னடெட்: அண்ணே, அவங்களை ஏன் குடையுற? அக்கா, உங்க... உங்க சின்னது எப்படி இருக்கா? தங்கமணி?

வீரம்மா: அவளுக்கென்ன! காலையில கஞ்சியக் குடிச்சுட்டு அடுத்த பிள்ளை கஞ்சியப் பிடுங்கறா. கன்னம் இந்தா, பணியாரம் மாதிரி.

பெர்னடெட்: மூக்கு ஒழுகலயே? கண்ணு சிவக்கலயே?

வீரம்மா: ஒண்ணுமே இல்ல. அவளுக்கு மட்டுமில்ல, எங்க மூணாம் லயத்துல ஒரு பிள்ளைக்கும் இல்ல. ஆத்தா எங்க வாசலுக்கு வரவே இல்ல டீச்சரம்மா. வேப்பிலை ஒடிச்சு வச்சேன், கட்ட வேலையே இல்லாமக் காஞ்சு போச்சு. அந்தச் சமையல்காரத் தம்புசாமிதான் கஞ்சிய மூணு வாளியில ஊத்தி அனுப்புறான், எங்க வாளியத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை... ஸ்ஸ்!

பேசில்: மூணு வாளியா? முந்தி ஒரே குண்டான்லதானே ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுலேருந்து வரும்?

வீரம்மா: அது... குண்டான்ல ஓட்டைன்னு சொன்னான்.

பேசில்: ஓட்டையா இருக்கும். பழைய குண்டான். ஏய், நீ ஏன் அழற?

பெர்னடெட்: அழல. சாக்கட்டித் தூள்.

பேசில்: ரெண்டு கண்ணுலயும் ஒரே நேரத்துல விழுந்துடுச்சா?

பெர்னடெட்: உனக்கு என்ன அண்ணே போகுது? அக்கா, நீங்க உட்காருங்க. நீங்களும் கேக்கணும். இவருக்கு நான் ஒண்ணு சொல்லிப் புரிய வைக்கணும். இவரு உத்தரவு போடணும். கொட்டகையப் பிரிக்கணும்.

பேசில்: எதுக்குப் பிரிக்கணும்?

பெர்னடெட்: சீமையில நோய்க்குக் கணக்கு எழுதியிருக்காங்க. நல்ல கணக்கு, நான் குறை சொல்லல. ஆனா அதுல ஊருன்னா ஒரே குண்டான். எல்லாரையும் உள்ள போட்டுக் கிண்டியாச்சு. யாரு வேணா யாரை வேணா இடிச்சுக்கலாம்.

வீரம்மா: அதெப்படி? துரை பங்களாப் பிள்ளை எங்க பிள்ளைய வந்து இடிக்குமா?

பெர்னடெட்: பார்த்தியா? அக்காவுக்கு ஒரு நொடியில புரியுது. இந்தத் தோட்டம் ஒரு குண்டான் இல்ல, மூணு குண்டான். ஒவ்வொரு லயமும் ஒண்ணு. ஒரு குண்டான்ல இருக்கறது தானா இன்னொண்ணுக்குக் குதிக்காது. அதுவும் ஆத்தா வந்த வீட்டுல வேப்பிலையப் பார்த்துட்டா யாரு உள்ள போறா?

வீரம்மா: சொந்தத் தங்கச்சி வீடா இருந்தாலும் போகமாட்டோம். தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் வாசல்லயே நின்னு பேசிட்டு வந்துடுவோம்.

பெர்னடெட்: அதைத்தான் சொல்றேன். துரை கயிறு கட்டறதுக்கு முந்தியே நம்ம சனம் கட்டி வச்சிருக்கு. ஆனாலும் நோய் லயம் தாண்டுது. அப்ப ஏதோ ஒரு கரண்டி இருக்கு. ஒவ்வொரு குண்டான்லயும் விட்டு எடுத்து, அடுத்ததுல ஊத்துது.

வீரம்மா: அப்ப... நான்தான் அந்தக் கரண்டியா?

பெர்னடெட்: ஐயோ, நீங்க இல்லக்கா. கொட்டகை.

வீரம்மா: கொட்டகைன்னாலும் நான்னாலும் ஒண்ணுதான். எங்கம்மாவும் அங்க ஆயா. நான் தூளி ஆட்டி வளர்ந்த எடம் அது. உங்க குடும்பம் செந்தூலுக்குப் போறதுக்கு முந்தி இந்தத் தோட்டத்துல இருந்தப்போ உங்களையும் ஆட்டியிருக்கேன்.

பெர்னடெட்: அதனாலதான் எனக்குத் தெரியுது! சீமைக்காரங்களுக்கு எங்க தெரியும்? அங்க ஒரு கம்புல வரிசையா தூளி தொங்குறது, இந்த லயத்துப் பிள்ளை கால் அந்த லயத்துப் பிள்ளை மூஞ்சியில இடிக்கிறது, ஒரே துணியால எல்லா மூக்கையும் துடைக்கிறது... அந்தத் தூளியில கிடந்தவளுக்குத்தான் தெரியும். நான் கிடந்தேன். கிடந்துட்டுப் போயித்தான் கணக்கு படிச்சேன்.

வீரம்மா: ஆனா உடம்புல போட்ட பிள்ளைய நாங்க கொட்டகையில சேர்க்கறதே இல்லையே.

பெர்னடெட்: மேல போடறதுக்கு முன்னாடி நாலு நாள் வெறும் மூக்கொழுகல்தான். அப்பத்தான் நோய் நல்லாத் தொத்தும். வேப்பிலை கட்டுறப்போ எல்லாம் குடுத்து முடிச்சாச்சு. மூக்கொழுகுற பிள்ளைய சேர்க்கமாட்டேன்னு சொல்லுவீங்களா?

வீரம்மா: சொன்னா கொட்டகையில ஒரு பிள்ளை மிஞ்சாது.

பேசில்: சரி. ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். கொட்டகைதான் தப்புன்னா ஒரேயடியா மூடிடலாமே? பிரிக்கறது எதுக்கு?

பெர்னடெட்: மூடினா தாய்மாருங்க என்ன செய்வாங்க? வேலைக்குப் போகலன்னா பேர் வெட்டிடுவாங்க. பிள்ளையத் தோள்ல கட்டிக்கிட்டு மரத்துக்குப் போவாங்க. பால் நிறுக்கறப்போ ஸ்டோர் வாசல்ல எல்லாரும் மொத்தமா நிப்பாங்க. பிள்ளைங்க எல்லாம் அங்க மண்ணுல உருளும். கரண்டி போயி அகப்பை வரும். அவ்வளவுதான்.

பேசில்: ம். ஒண்ணாம் லயத்துப் பிள்ளைங்களை இது காப்பாத்துமா?

பெர்னடெட்: காப்பாத்தாது.

வீரம்மா: டீச்சரம்மா...

பெர்னடெட்: பொய் சொல்லமாட்டேன் அக்கா. உள்ள வந்த பிறகு அந்த லயத்துக்குள்ள ஓடத்தான் செய்யும். ரப்பர் விலை விழுந்து பாதிச் சனத்தை ஊருக்குக் கப்பலேத்தினாங்களே, அந்த வருஷம் வந்ததுதான் கடைசி மணல்வாரி. அதுக்குப் பிறகு பொறந்ததுங்க எல்லாம் காஞ்ச சருகு. ஒரு லயத்துக்குள்ள நெருப்பு விழுந்தா முழுசாப் பிடிக்கும். அங்க மருந்தும் கஞ்சியும் பார்க்கறதுதான் வழி. அது அண்ணன் வேலை. லயத்தைத் தாண்டாமப் பார்க்கறது என் வேலை.

பேசில்: கயித்தைத் தாண்டி ஒரே ஒரு பிள்ளை ஓடிட்டா? உன் கணக்கு கவுந்துடுமே?

பெர்னடெட்: கவுறாது. இந்தா, இந்தக் கட்டத்தைப் பாரு. எல்லாரும் பிள்ளைய எண்ணுறாங்க. நான் லயத்தை எண்ணுறேன். நோய் பிடிச்ச ஒரு லயம், ஓய்றதுக்குள்ள இன்னும் எத்தனை லயத்துக்குக் குடுக்குது? ஒண்ணுக்கு மேல குடுத்தா தோட்டம் முழுக்கப் பெருகும், பக்கத்துத் தோட்டத்துக்கும் போகும். ஒண்ணுக்குக் கீழ இறங்கிட்டா, எங்கயாவது ஒரு பொறி பறந்தாலும் ஒரு எடத்துல தானா அவிஞ்சிடும். பொறியே பறக்கக்கூடாதுன்னு நான் கேக்கல. ஒண்ணுக்குக் கீழ கொண்டு வந்து குடுன்னு கேக்குறேன். கொட்டகை ஒண்ணா இருக்கற வரைக்கும் அது நடக்காது. பிரிச்சா நடக்கும்.

பேசில்: பிரிச்ச பிறகு எப்ப தெரியும், சரியா தப்பான்னு?

பெர்னடெட்: கடைசியாச் சேர்ந்து கிடந்த நாளுலேருந்து ரெண்டு வாரம் தாண்டணும். நோய் உள்ள போனாலும் அது வரைக்கும் வெளியில காட்டாது. தாண்டிடுச்சுன்னா... அண்ணே, நீ இன்னிக்கு ஏன் கோர்ட்டு வக்கீல் மாதிரி கேக்குற? எப்பவும் நான் கணக்கைப் பத்திப் பேசினா கொட்டாவி விடுவ.

பேசில்: இன்னிக்கு நல்லாத் தூங்கி எழுந்தேன். அதோட நாலு மணிக்கு துரை வர்றாரு. கிள்ளான்லேருந்து பெரிய டாக்டரையும் கூட்டிக்கிட்டு.

வீரம்மா: எங்க?

பேசில்: கொட்டகைக்கு. நேராப் பார்க்கணுமாம்.

வீரம்மா: டீச்சரம்மா!

பெர்னடெட்: எந்த நாலு மணி? இன்னிக்கா?

பேசில்: இன்னிக்குத்தான். ஏன் ரெண்டு பேரும் வெளுத்துட்டீங்க? பிள்ளைங்கதான் தூங்குதுங்களே. கொட்டகைக் கதவைத் திறந்து காட்டினா முடிஞ்சுது.

வீரம்மா: ஐயா, நான் போயி ஒரு ஓட்டமா ஓடி எல்லாத்தையும் திருப்பி...

பெர்னடெட்: வேணாம்! அக்கா, தொடாதீங்க! ஒரு நாள் கூட, ஒரு மணி நேரம் கூட ஒண்ணாச் சேர்க்கக் கூடாது. நான் சொல்லிடறேன்.

பேசில்: என்னத்தை?

பெர்னடெட்: கொட்டகையில ஒண்ணாம் லயத்துப் பிள்ளைங்க மட்டும்தான் இருக்கு. ரெண்டாம் லயம் பழைய ஸ்டோர்ல இருக்கு. மூணாம் லயம் மாரியம்மன் கோயில் பக்கத்துல பஜனைக் கொட்டகையில. மூணு எடம், மூணு ஆயா. யாரும் யாரோட எடத்துக்கும் போறதில்ல.

பேசில்: எப்பலேருந்து?

பெர்னடெட்: மூணு ஞாயித்துக்கிழமைக்கு முந்தி. நீ பூசைக்கு கிள்ளான் மாதா கோயிலுக்குப் போயிருந்தியே, அப்ப நான் இங்க வந்தேன்.

பேசில்: யாரு உத்தரவு?

பெர்னடெட்: உன் உத்தரவு.

பேசில்: என் உத்தரவா!

பெர்னடெட்: டிரஸர் சொன்னாருன்னு சொன்னேன். உன் பேரை எடுத்துக்கிட்டேன். என் பேரைச் சொன்னா யாரு அசைவா? துரைகிட்ட கேக்கச் சொல்லி உனக்கு ஒரு மாசமா சொல்லிக்கிட்டிருந்தேன், நீ கொட்டாவி விட்ட. அதுக்குள்ள ரெண்டு பிள்ளை. வீரம்மாக்கா மேல தப்பில்ல. அவங்க நீ சொன்னதா நினைச்சுத்தான்...

வீரம்மா: நான் அப்படி நினைக்கலயே.

பெர்னடெட்: என்னது?

வீரம்மா: டிரஸர் ஐயா உத்தரவுன்னா தம்புசாமிய அனுப்புவாரு. செந்தூல்லேருந்து தங்கச்சியையா வரவழைப்பாரு? அன்னிக்கே தெரியும்.

பெர்னடெட்: தெரிஞ்சுமா பிரிச்சீங்க? உங்க வேலை போயிருக்குமே அக்கா.

வீரம்மா: இந்தக் கொட்டகைக்கு எத்தனையோ பேரு வந்திருக்காங்க. வாசல்ல நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டு, 'சுத்தமா வை'ன்னு சொல்லிட்டுப் போவாங்க. நீங்க தரையில உட்கார்ந்து, எந்தப் பிள்ளை எதுக்குப் பக்கத்துல படுக்குது, எது எதோட சண்டை போடும், எது எதைக் கடிக்கும்னு கேட்டீங்க. கடிக்கிறதைக்கூடக் கேட்டீங்களே! பிள்ளைங்களைப் பத்தி அவ்வளவு கேக்குற ஆளு பிள்ளைக்குக் கெடுதல் செய்யமாட்டாங்கன்னு நினைச்சேன். என் தங்கமணியத்தான் முதல்ல தூக்கிக்கிட்டு பஜனைக் கொட்டகைக்கு நடந்தேன். மத்த தாய்மாருங்க பின்னால வந்தாங்க.

பேசில்: நல்லா இருக்கு. எனக்குத் தெரியாம, என் பேர்ல, என் தோட்டத்துல ஒரு ராஜாங்கமே நடக்குது. தப்பாப் போயிருந்தா? மூணாம் லயத்துல ஒரு பிள்ளை போயிருந்தா? 'டிரஸர் சொன்னாரு'ன்னு என் கழுத்துக்குல்ல வந்திருக்கும்?

பெர்னடெட்: வராது. வந்து நின்னு, நான்தான்னு சொல்லியிருப்பேன். இந்த மூணு வாரமும் கான்வென்ட்ல பிள்ளைங்களுக்குக் கூட்டல் சொல்லிக் குடுத்துக்கிட்டே மனசுக்குள்ள இந்தக் கட்டத்தைத்தான் போட்டுப் போட்டு அழிச்சேன். ராத்திரி படுத்தா தங்கமணி இருமுற மாதிரி இருக்கும். கணக்கு தப்பா இருந்தா அது தாள்ல தப்பு இல்ல, ஒரு பிள்ளை. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன்.

பேசில்: மூணு வாரமா நீ தூங்கலயா?

பெர்னடெட்: இப்ப ரெண்டு வாரம் தாண்டிடுச்சு. மூணாம் லயம் சுத்தம். நாலு மணிக்கு அவங்க வரட்டும். நானே போயி நிக்கிறேன். உன் பேர்ல நடந்துச்சுன்னு நீ சமாளிக்க வேணாம். எனக்கு என் பேரு வேணும் அண்ணே. அடி வாங்கினாலும் என் பேர்ல வாங்கிக்கிறேன். தூளியில கிடந்த பிள்ளை, கைநாட்டு வச்ச லியனார்ட் மகள், அவ போட்ட கணக்கு இதுன்னு அவங்க காதுல விழணும்.

வீரம்மா: நானும் வர்றேன். மூணு வாளியையும் கொண்டாந்து காட்டுறேன்.

பேசில்: வாளி எதுக்கு?

வீரம்மா: சும்மாத்தான் ஐயா. கையில ஏதாவது இருந்தா தைரியமா இருக்கும்.

பேசில்: போறதுக்கு முந்தி மூஞ்சியக் கழுவச் சொல்லு உங்க டீச்சரம்மாவை. கன்னமெல்லாம் சாக்கட்டி. மேசையத் துடைக்க வேணாம். கட்டம் அப்படியே இருக்கட்டும்.

பெர்னடெட்: உனக்கு... கோபம் இல்லயா?

பேசில்: இருக்கு. முறுக்கு மேல.

பெர்னடெட்: அண்ணே, விளையாடாத. அவங்க கேள்வி கேட்டா நீ குறுக்க பேசக் கூடாது. என்ன கேப்பாங்களோ தெரியல.

பேசில்: என்ன கேப்பாங்களா? கொட்டகைய ஏன் மூடலன்னு கேப்பாரு. ஒண்ணாம் லயத்துக்கு என்ன லாபம்னு கேப்பாரு. ஒரு பிள்ளை தாண்டி ஓடினா என்ன ஆகும்னு கேப்பாரு. சரியா தப்பான்னு எப்ப தெரியும்னு கேப்பாரு.

பெர்னடெட்: அது... எல்லாம் இப்ப நீ கேட்டதுதானே?

பேசில்: நான் எங்க கேட்டேன்? நேத்து கிள்ளான்ல பெரிய டாக்டர் என்கிட்ட கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல.

வீரம்மா: ஐயா... அப்ப உங்களுக்கு...

பேசில்: மூணு ஞாயிறுக்கு முந்தி பூசை முடிஞ்சு வந்தேன். பஜனைக் கொட்டகையில தூளி தொங்குது. இந்தத் தோட்டத்துல யாருக்கு இவ்வளவு திமிர் இருக்கும்னு யோசிச்சேன். கிள்ளான் பஸ்சுக்கு ஒரு பொண்ணு ஓடினதா வண்டிக்காரர் சொன்னாரு. உடனே போயி தம்புசாமிகிட்ட, குண்டான்ல ஓட்டை, இனிமே மூணு வாளியில ஊத்தி அனுப்புன்னேன். துரைகிட்ட, கொட்டகையப் பிரிச்சது என் உத்தரவுன்னேன். தப்பாப் போனா அது அப்படியே இருந்திருக்கும்.

பெர்னடெட்: தப்பாப் போகலயே அண்ணே... இப்ப யாரு உத்தரவு?

பேசில்: அதான் நேத்து போயி மாத்திச் சொல்லிட்டு வந்துட்டேன். 'கணக்கு என்னோடது இல்லங்கய்யா, என் தங்கச்சியோடது'ன்னேன். துரை சிரிச்சாரு. டாக்டர் சிரிக்கல, பேரு என்னன்னு கேட்டாரு. 'பெர்னடெட் லியனார்ட், பி.ஏ.'ன்னு ரெண்டு தடவ சொன்னேன். முதல் தடவையே அவருக்கு நல்லாக் கேட்டுடுச்சு. ரெண்டாவது, எனக்காகச் சொல்லிக்கிட்டேன்.